உங்கம்மா முகம் பார்த்த தட்டு

என் சுண்டெலிக்கு, அப்பா எழுதுறது. இங்க நான் நல்லாருக்கேன், நீ நல்லாருக்கியான்னு ஆரம்பிக்கணும். ஆரம்பிச்சுட்டேன். இந்த வரிய எப்பவும் உங்கம்மா சொல்லுவா, நான் எழுதுவேன், இனிமே இந்தப் பொய்ய நானே சொந்தமா எழுதிக்கணும்.

நீ போன எடுக்கலைன்னா போ, தபால்காரர நீ எப்படிக் கட் பண்ணுவன்னு பாக்குறேன். உன்கூட வேலை பாக்குற பொண்ணு எனக்குப் பேசுனா. அம்மா போனதுலேர்ந்து நீ லேப் பக்கமே போறதில்லையாம், வேலைய விடுறேன்னு எழுதிக் குடுத்துட்டியாம், பதினெட்டு தடவ உரிச்ச தட்டு பெட்டிக்குள்ளயே கெடக்காம். நான் ஏழாங்கிளாஸோட நின்னவன்தான், ஆனா நீ சொன்னதெல்லாம் எனக்கு மனப்பாடம். நீ பண்றது ஒரே வெயில்ல சாதா சோலார் தகட்டவிட நெறைய கரண்ட் எடுக்குற ரகம், ஆனா யானை விலை, ஏன்னா அத வளர்க்குற அடித்தட்டுதான் காசெல்லாம் தின்னுது, அதனால மேல வளர்ந்த படலத்த மட்டும் வெங்காயத்தோல் மாதிரி உரிச்சுக்கிட்டு அதே தட்ட சுத்தம் பண்ணித் திரும்ப வெச்சுக்கணும், இருபது தடவ தாங்குச்சுன்னா நம்ம மாதிரி வீட்டுக் கூரைக்கும் எட்டும்னு சொல்லுவ. ஒரு தட்டக் கழுவி வெக்கவா உன்ன இத்தன வருசம் படிக்க வெச்சேன், உங்கம்மா படிக்காமலே முப்பது வருசமா அதத்தான பண்றான்னு அப்பக் கேட்டேன். அவ கரண்டியோட வந்தா.

அம்மா விஷயத்துல உன் மேல நீயே பழி போட்டுக்காத. உன்ன வரவைக்க உங்கம்மா இழுத்துக்கிட்டுக் கெடக்கான்னு வருசத்துக்கு நாலு தடவ புளுகுனவன் நானு, பின்னால அவ சிரிக்கிற சத்தம் உனக்கே கேக்கும். அன்னிக்கு ஆஸ்பத்திரிலேர்ந்து நெசமாச் சொன்னேன். போங்கப்பா, இது எத்தனாவது தடவ, பதினெட்டாவது உரிச்சுட்டு வர்றேன்னு நீ சிரிச்ச. சிரிக்காம என்ன பண்ணுவ? தப்பு அதுக்கப்புறம் நான் பண்ணது. கட்டில்லேர்ந்து அவ கைய ஆட்டி, விடுங்க, பாப்பா வேலையா இருக்கான்னா. நானும் உன்கூடச் சேந்து சிரிச்சுட்டு போன வெச்சுட்டேன். நெசம்தான்மான்னு ஒரு வார்த்த சேத்துச் சொல்லியிருந்தா நீ கெளம்பியிருப்ப. எல்லாம் முடிஞ்சப்புறம் வந்து எட்டு நாள் இருந்தியே, அப்பவும் இதச் சொல்ல எனக்கு வாய் வரல. வாயால ஊரையே விக்கிறவனுக்கு.

இன்னொண்ணு. லேப்ல நீ மொதல்ல ஒடச்ச, கண்ணாடியாட்டம் மின்னுற தட்டு, ஓரம் போய் அரைநிலா மாதிரி, அம்மாவுக்குக் குடுத்தியே, அதுல மூஞ்சி பாத்துத்தான் தெனமும் தலை சீவுவா. புடிக்கிற எடத்துல அவ பெருவிரல் ரேகை எண்ணெயோட படிஞ்சு கெடந்துச்சு. ஒரு விரல் பட்டாலே மேல படலம் வளராதுன்னு நீ கத்துவ, அவ வேணும்னே தொட்டுத் தொட்டுக் காட்டுவா. நேத்து அலமாரியிலேர்ந்து அத எடுத்தேன். நாப்பது வருசம் மூக்குக்கண்ணாடிக் கடையில லென்ஸ் தேச்ச கை, பளபளன்னு எதத் தொட்டாலும் தானா சட்ட நுனிக்குப் போயிரும். தொடச்சுட்டேன். தொடச்சு, வாயால ஊதி, வெளிச்சத்துல புடிச்சுக் கறை இருக்கான்னு வேற பாத்தேன். ஒண்ணும் இல்ல. அவ்வளவு சுத்தம். நான் போட்ட சத்தத்துல பக்கத்து வீட்டுத் தையல்காரர் ஓடி வந்து, என்னண்ணே, ஒடஞ்சு போச்சான்னு கேட்டாரு. இல்லய்யா, தொடச்சுட்டேன்னேன். கெழவனுக்குக் கழண்டுருச்சுன்னு தண்ணி குடுத்துட்டுப் போனாரு. உனக்குப் புரியும்.

பெட்டியத் தெறடி. பதினெட்டோட நின்னா அவ அன்னிக்குக் கைய ஆட்டுனதுக்கு அர்த்தமே இல்ல. என்னத் திட்டணும்னா போன எடுத்துத் திட்டு, நடுவுல பேச மாட்டேன், சத்தியமா. நேரத்துக்குச் சாப்பிடு. உன் கை நடுங்காம இருக்கணும், நீ நூறு வருசம் நல்லாருக்கணும். மறக்காம ஒண்ணு, அவ தொட்ட சாமான் ஏதாச்சும் உன்கிட்ட இருந்தா தொடைக்காம வை.

இப்படிக்கு,
இந்தத் தடவ புளுகாத
உன் அப்பா