இடப்பக்கம் பார்க்கும் பறவைகள்

1943 பிப்ரவரி 9, செவ்வாய்

பங்களாவில் இன்று பன்னிரண்டு பேருக்கு விருந்து. பன்னிரண்டு கைத்துண்டு, பன்னிரண்டு பறவை. அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு, சாப்பாட்டு மேசையில் நிற்க வைக்கும் பறவைகளாக மடித்தேன். அரிசி கிடைப்பதே பெரும்பாடாக இருக்கும்போது சோற்றுக் கஞ்சியைத் துணிக்கு ஊற்ற மனம் வருமா? குச்சிக்கிழங்கு மாவைக் கரைத்துக் காய்ச்சிப் போட்டேன். துணி நன்றாக விறைத்தது. என் முதுகும்தான்.

யாரிடமும் சொல்ல முடியாததை இதில் எழுதுகிறேன். பொங்கலுக்கு முன்பிருந்தே என் வீட்டுக்காரருக்கு வலது கை நடுங்குகிறது. இருபத்தாறு வருஷமாக இந்த வெள்ளைக்கல் வெட்டும் கம்பெனி பங்களாவில் பட்லர் உபகாரசாமி என்றால் சேலம் துரைமார் அத்தனை பேருக்கும் தெரியும். கைத்துண்டு மடிப்பில் அவரை அடிக்க ஆள் கிடையாது என்பார்கள். இப்போது மடிப்பது நான். தட்டுகளைத் தூக்குவது எடுபிடி வேலைக்காரன் காளியண்ணன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேசையருகே நின்று கண்ணாலேயே வேலை வாங்குகிறார்.

இது வெளியே தெரிந்தால் வேலை போகும். வேலை போனால் தோட்டத்துக்குப் பின்னால் இருக்கும் இந்த இரண்டு அறையும் போகும். போவதற்கு எங்களுக்கு வேறு கூரை இல்லை.

பிப்ரவரி 10

கால் வலி. செபமாலை பாதியிலேயே தூங்கிவிட்டேன்.

பிப்ரவரி 20, சனி

துரைசாணி அவரைக் கேட்டாளாம்: “பட்லர், பறவை எல்லாம் ஏன் இப்ப அந்தப் பக்கம் பாக்குது?”

வந்து என் மேல் எரிந்து விழுந்தார். “பீச்சாங்கையில மடிச்சு எம்பட பொழப்புல மண்ணப் போடறியே, ஞானம்!”

நான் இடதுகைக்காரி. மடத்துச் சிஸ்டர்கள் அடிக்கோலால் விரல் முட்டியில் போட்டுப் போட்டு எழுத்தை வலது கைக்கு மாற்றினார்கள். தையலையும் மடிப்பையும் மாற்ற அவர்களாலும் முடியவில்லை. இவர் மடித்தால் பறவையின் அலகு வலப்பக்கம் பார்க்கும். நான் மடித்தால் இடப்பக்கம். இதுவரை எனக்கே அது தோன்றவில்லை.

வலது கையால் மடித்துப் பார்த்தேன். கழுத்து முறிந்த கோழி மாதிரி வந்தது. கோபத்தை மறந்து சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரவல் கையாக இருப்பதற்கும் திட்டு வாங்க வேண்டுமா?

மார்ச் 3, புதன்

ஆயா மாரக்காள் செய்தி கொண்டுவந்தாள். யுத்த நிதிக்காக நம் பங்களாத் தோட்டத்தில் மேசை அலங்காரப் போட்டி. ஐந்து பங்களா, ஐந்து பட்லர். காசு கொடுத்து வாங்கிய அலங்காரப் பொருள் ஒன்றும் இருக்கக் கூடாது. கையால் செய்ததும் மரம் செடியில் கிடைத்ததும்தான். ஒரு மணி நேரத்துக்குள் எல்லார் கண் முன்னாலும் மேசையை முடிக்க வேண்டும்.

“அண்ணனுக்குத்தான் பரிசுக் கிண்ணம், அக்கா! மில்லு பங்களா பட்லர் சின்னுசாமி இப்பவே மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டான்,” என்றாள்.

எல்லார் கண் முன்னாலும்! இவரைக் காய்ச்சல் என்று படுத்துவிடச் சொன்னேன். “அந்த ஒரு நாளைக்குப் படுக்கலாம். அப்புறம்?” என்றார்.

மார்ச் 7, ஞாயிறு

பூசை முடிந்ததும் பஸ் ஏறி ராசிபுரம் போனேன். பட்டு நெய்கிற பெரியநாயகி ஒரு பை நிறைய அறுத்துப் போட்ட துண்டுத்துணி வைத்திருந்தாள். எல்லாம் அரக்கு நிறம். காசு கொடுத்தால் போட்டி விதி தவறும் என்றேன்.

“அப்பச் சும்மா எடுத்துக்கிட்டுப் போ அக்கா. எனக்கு அடுப்பெரிக்கக்கூட ஆகறதில்ல.”

அவற்றை ஒட்டுத் தைத்தால் மேசையின் நடுவே நீளப் பட்டை ஒன்று விரிக்கலாம். உப்புக்கும் மிளகுக்கும் கொட்டாங்குச்சி, தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்தது. பெயர் எழுத வெட்டிய பனையோலை நறுக்கு. இவையெல்லாம் வைத்தால் போதும், கை நடுங்கினாலும் வைத்துவிடலாம். ஆனால் அலங்காரம் என்று சொல்ல ஒன்று வேண்டாமா?

மார்ச் 15, திங்கள்

இன்றைக்குக் கொஞ்சம் நல்ல நாள். பிஸ்கோத்துப் பெட்டி அட்டையில் இலையும் கொடியும் வரைந்து வெட்டி எடுத்தேன். அட்டையைத் துணிமேல் வைத்து, மெல்லிய மல் துணி முடிச்சில் பொடியைக் கட்டித் தட்டினால், அட்டையை எடுத்ததும் கொடி தெரியும். செங்கல் பொடி, காய்ந்த வேப்பிலைப் பொடி. மஞ்சள்தூள் போட்டால் விரிப்பில் கறை ஏறும் என்று ஆவாரம்பூவைக் காயவைத்து இடித்தேன். நடுவே அரக்குப் பட்டின் மேல் வெள்ளைக்கல் தூள்.

நான் தட்டினால் ஓரிடத்தில் குவிந்து ஓரிடத்தில் வெளுத்துப் போகிறது. அவரிடம் முடிச்சைக் கொடுத்தேன். கை அதுபாட்டுக்கு நடுங்க, பொடி சலித்த மாவாய்ச் சீராக இறங்கியது. மூன்று கொடி போட்டார். ஒன்றிலும் பிசிறு இல்லை.

பிறகு அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கெட்டதுக்கு இந்த வேலையாச்சும் செய்யுது,” என்றார். எனக்கு அழுகை வந்தது, அடுப்பை ஊதுகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

கைத்துண்டு மட்டும்தான் பாக்கி.

மார்ச் 19, வெள்ளி

சூசையப்பர் திருநாள். தச்சர் அவர். கோயிலில் அவர் சுரூபத்தின் முன் நின்று, கை நடுங்கியிருந்தால் நீர் என்ன செய்திருப்பீர் என்று கேட்டேன். மெழுகுதிரி ஏற்றிவிட்டு வந்தேன்.

மார்ச் 26, வெள்ளி

வழி கண்டுபிடித்துவிட்டேன். போட்டி மேசைக்கான ஆறு கைத்துண்டையும் நானே மடித்து, ஒவ்வொரு மடிப்பிலும் இஸ்திரிப் பெட்டி போட்டு அழுத்தித் தேய்த்து, மறுபடி பிரித்து வைத்திருக்கிறேன். பார்வைக்கு வெறும் துண்டு. நுனியைப் பிடித்து இழுத்தால் தானாக மடிந்து பறவையாகிவிடும். மூன்று தரம் செய்து பார்த்தார், மூன்றும் நின்றது. நாளை இந்த நேரம் முடிந்திருக்கும். அப்புறம் ஒரு நாள் முழுக்கப் படுத்துத் தூங்க வேண்டும்.

மார்ச் 27, சனி

என்னவென்று எழுத!

தோட்டத்தில் ஐந்து மேசை. வேலைக்காரர்கள் எல்லாம் வேப்பமரத்தடியில் நின்றோம். அவர் பட்டை விரித்தார், கொட்டாங்குச்சி வைத்தார், அட்டை வைத்துக் கொடி போட்டார். பக்கத்து மேசைத் துரைசாணிகள் அதை விட்டுவிட்டு இங்கே வந்து நின்றார்கள். மாரக்காள் என் தோளைக் கிள்ளியபடியே இருந்தாள்.

அப்போதுதான் தீர்ப்புச் சொல்ல வந்த டாக்டர் துரைசாணி ஒரு கூடையோடு வந்தாள். எல்லாருக்கும் ஒரே மாதிரித் துண்டு இருந்தால்தான் நியாயமாம். மேசைக்கு ஆறு என்று புதுத் துண்டுகளைக் கொடுத்து, அவரவர் துண்டை வாங்கிக் கூடையில் போட்டுக்கொண்டாள்.

ஐயோ, என் ஆறு துண்டும் போச்சு. ராத்திரி பகலா தேச்சேனே!

அவர் ஒன்றை எடுத்தார். மடித்தார். சரிந்தது. மறுபடி மடித்தார். கை உதறுகிற உதறலில் கொட்டாங்குச்சி உருண்டு உப்புக் கொட்டியது. சின்னுசாமி தன் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தான். தோட்டமே பார்த்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“ஞானம்! இங்க வா.”

மாரக்காள் என்னை முன்னால் தள்ளிவிட்டாள்.

“நீ மடி கண்ணு,” என்றார். பிறகு எங்கள் துரைசாணியைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கும்படி, “மூணு மாசமா மடிக்கிறது என் சம்சாரமுங்க. எனக்குக் கை போச்சுங்க,” என்றார்.

நான் யாரையும் பார்க்கவில்லை. ஆறையும் மடித்தேன், இடது கையாலேயே. துரைசாணி குனிந்து ஒரு பறவையைத் தொட்டாள். “ஓ! அந்தப் பக்கம் பாக்குற பறவை!” என்றாள். சிரிப்பா கோபமா, தெரியவில்லை.

இரண்டு பேர் கைபட்ட மேசை என்று போட்டியில் சேர்க்கவில்லை. கிண்ணம் சின்னுசாமிக்கு. அவன் வந்து, “நீங்க நிக்கற எடத்துல நான் கிண்ணம் வாங்கறது நல்லாவா இருக்குதுங்கண்ணா?” என்றான்.

மார்ச் 28, ஞாயிறு

வீட்டைக் காலி பண்ணச் சொல்வார்கள் என்று பாத்திரங்களைக் கட்டி வைத்தேன்.

மார்ச் 30, செவ்வாய்

துரைசாணி கூப்பிட்டு அனுப்பினாள். இருவரும் போய் நின்றோம்.

வீடு போகவில்லை. ஆனால் இனிமேல் பட்லர் சாப்பாட்டறைக்கு வர வேண்டாம், உட்கார்ந்து ஓய்வெடுக்கட்டும். மேசை வேலை என் பேரில். பறவை இடப்பக்கமே பார்க்கட்டுமாம், அவளுக்குப் பிடித்திருக்கிறதாம். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, ஒரு நிமிஷம். பிறகு இவர் முகத்தைப் பார்த்தேன்.

“கண்ணு போகலீங்கம்மா. மேசை எப்படி இருக்கோணும்னு எனக்குத் தெரியுமுங்க,” என்றார்.

“தெரியும் பட்லர், தெரியும்,” என்றாள் அவள். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து வெள்ளைக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பாத்திர மூட்டையை நான் அவிழ்த்தேன்.

ஏப்ரல் 12, திங்கள்

விடிய ஐந்து மணிக்குப் போனால் பகல் மூன்றுக்கு வருகிறேன், மறுபடி ஆறுக்குப் போகிறேன். திருட்டுத்தனமாகச் செய்ததை வெளிப்படையாகச் செய்கிறேன், கால் வலியில் மாற்றமில்லை. இவர் என்னோடு பேசி ஒன்பது நாளாகிறது. கூப்பிட்டது அவர்தானே? நானா போய் நின்றேன்? கேட்டுவிடலாம் என்று வாய்வரை வருகிறது. கோட்டைப் பார்த்ததும் விட்டுவிடுகிறேன். சில நேரம், பேசாமல் நாலு பேருக்குச் சோறு வடித்துப் பிழைத்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

ஏப்ரல் 20

இன்றும் பேசவில்லை.

ஏப்ரல் 25, உயிர்த்த ஞாயிறு

விடியற்காலைப் பூசைக்குத் தனியாகப் போய்விட்டு அப்படியே பங்களாவுக்குப் போனேன். பத்துப் பேருக்குப் பகல் சாப்பாடு. மேசை நன்றாக அமைந்ததாகச் சொன்னார்கள். நின்று நின்று கால் மரத்துப் போயிற்று. காளியண்ணன் கொடுத்த மிச்ச ரொட்டியைக் கோழிக்கறி ரசத்தில் தொட்டு அங்கேயே தின்றுவிட்டேன்.

மூன்று மணிக்கு வந்தால் வீட்டில் குழம்பு வாசனை. அவர் ஆக்கியிருக்கிறார்! அரிவாள்மனையோடு எப்படித்தான் மல்லாடினாரோ, இரண்டு விரலில் துணி சுற்றியிருந்தது. பாயை விரித்து, அதற்கு முன்னால் ஒரே ஒரு தட்டு.

“நீங்க?” என்றேன்.

“உக்காரு.” இருபத்திரண்டு நாளுக்குப் பிறகு வந்த பேச்சு.

உட்கார்ந்தேன். துரைமாருக்குச் செய்வதுபோல இடப்பக்கமாக வந்து குனிந்தார். கரண்டியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். கால்வாசி சோறு பாயில் விழுந்தது. இருபத்தாறு வருஷமாக ஊருக்கெல்லாம் பரிமாறியவர். எனக்குப் பரிமாறியது இன்றைக்குத்தான்.

உப்பு அதிகம். குழம்பு என் முழங்கையில் கொட்டியது, சுட்டது. வயிறு ஏற்கெனவே நிறைந்திருந்தது.

“இன்னும் கொஞ்சம் போடுங்க,” என்றேன்.