கிண்ணத்தின் அடியில் அப்பா பெயர்

புதன்கிழமை

அன்பு மகன் அறிவுச்செல்வனுக்கு அம்மா எழுதுவது. நீயும் கலைமகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், இங்கே எங்களுக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனசுதான் சரியில்லை. போனில் பேசினால் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுகிறாய், பக்கத்தில் அப்பாவும் இருக்கிறார், எல்லாவற்றையும் சொல்ல முடியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். ஜன்னத் பீவி மகன் முபாரக் வெள்ளிக்கிழமை ஷார்ஜாவுக்குத் திரும்புகிறான், அவன் கையில் கொடுத்து அனுப்புகிறேன், பாதியில் மடித்து வைக்காமல் முழுக்கப் படி. குறுவை அறுத்தாயிற்று, அறுத்த அன்றைக்கே மழை பிடித்துக்கொண்டது, கொள்முதல் நிலையத்து வாசலில் ஈரம் காயாமல் நெல் கிடக்கிறது, தினமும் போய்க் கிளறிவிட்டு வருகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, நீ அனுப்பிய தைலமும் தீர்ந்துவிட்டது.

உன் தங்கச்சி எழில்மொழி சென்னைப் பாத்திரக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்து கொல்லையில் ஷெட் போட்டுப் பட்டறை தொடங்கினாளே, போர்டில் என்ன பெயர் எழுதுவது என்று கேட்டபோது அப்பா பேரையே போடு என்று சொன்னது நீதான், அதை மறந்திருக்க மாட்டாய். வைரக்கண்ணு மெட்டல்ஸ், காலனித் தெரு என்று எழுதி மாட்டினோம். முதலில் கேட், கிரில், சேற்று உழவுக்கு டிராக்டரில் மாட்டுகிற இரும்புச் சக்கரம், இந்த வேலைதான் வந்தது. பெரிய தெருக்காரர்கள்கூட வந்து கொடுத்தார்கள், பொண்ணு கைவேலை சுத்தமா இருக்கு என்று பேசிக்கொண்டார்கள், எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம் எவர்சில்வர் பாத்திரமும் போட ஆரம்பித்தாள். பெயர் வெட்டும் மெஷினை அப்பா எடுத்துக்கொண்டார், கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க அதன் முன்னால்தான் உட்கார்ந்திருப்பார். எங்கள் கல்யாணத்துக்கு வந்த பாத்திரத்தில் எல்லாம் கொடுத்தவர்கள் பெயர்தான் வெட்டியிருக்கும், உனக்கே தெரியும், நம் வீட்டில் அவர் பெயர் போட்ட ஒரு டம்ளர்கூடக் கிடையாது. அதனால் செய்கிற ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் பட்டறைப் பெயரையும் தெருப் பெயரையும் பொடி எழுத்தில் வெட்டினார். எழில் வேண்டாம் என்று சொல்லவில்லை, எனக்கும் அதில் இப்படி ஒரு வினை இருக்கும் என்று தோன்றவில்லை.

ஐப்பசியில் மன்னார்குடிக் கடைக்காரர் ஒருவர் கல்யாணத்தில் தாம்பூலப் பையில் போட்டுக் கொடுக்கக் கிண்ணம் வேண்டும் என்று ஆர்டர் கொடுத்தார். பெண் மாப்பிள்ளை பெயரை வெட்டும்போதுதான் அது நம் ஊர்ப் பெரிய தெரு மதிவாணன் வீட்டுக் கல்யாணம் என்று தெரிந்தது, அப்பா சின்ன வயசில் நடவுக்கும் அறுப்புக்கும் போன அதே வீடு. அப்பாவுக்கு அன்றைக்கு வந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே, சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. கிண்ணம் போன மறுநாளே கடைக்காரர் மூட்டையோடு திரும்ப வந்தார். பாத்திரத்துல ஒரு குறையும் இல்லம்மா, அடியில இருக்கிற பேரும் தெருவும்தான் அவங்களுக்கு ஆகலை என்றார். பின்னாலேயே மதிவாணனும் பைக்கில் வந்து, இறங்காமலே, தப்பா எடுத்துக்காதீங்க, வயசானவங்க நாலு பேரு வருவாங்க, அதுல வச்சு சாப்பிட மாட்டாங்க என்று தணிவாகத்தான் சொன்னார். அவர் வீட்டு வாசல் கேட் எழில் செய்தது. அதைத் தள்ளுகிற கையால்தானே சாப்பிடுகிறீர்கள் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது, எழில் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டாள். சாதியைச் சொல்லித் திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் திட்டியிருப்பேன், இப்படி மரியாதையாகச் சொல்பவரை என்ன செய்வது.

அன்றைக்கு எழில் உனக்குத்தான் போன் போட்டாள். நீ என்ன சொன்னாய்? பேரை எடுத்துட்டு ஏதாவது சாமி பேரு போடு, பிசினஸ்ல ரோஷம் பாக்கக் கூடாது, போர்டையும் மாத்திடு என்றாய். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், அப்பா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். எழுந்து போய் மூட்டையை அவிழ்த்தார். தான் வெட்டிய பெயரைத் தானே பாலிஷ் மெஷினில் வைத்து ஒவ்வொரு கிண்ணமாகத் தேய்த்தார், எழிலை ஒன்றைக்கூடத் தொட விடவில்லை. அதே கிண்ணத்தைக் கடைக்காரர் எடுத்துப் போனார், மதிவாணன் வீட்டில் வாங்கிக்கொண்டார்கள், வந்தவர்கள் எல்லாரும் மகிழ்ச்சியாக வாங்கிப் போனார்களாம். கல்யாணம் முடிந்து மரியாதைக்கு நம் வீட்டுக்கும் ஆள் மூலம் ஒரு தாம்பூலப் பை வந்தது. அப்பா கிண்ணத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, நல்லாத்தான் தேச்சிருக்கேன், தடமே தெரியல என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அவர்கள் மேல் உள்ள கோபம் எனக்குப் பழகினது. உன் மேல் வந்த கோபத்தைத்தான் எங்கே கொண்டு போய் வைப்பது என்று தெரியவில்லை. எழில், அண்ணன் சொன்னா சரியா இருக்கும் என்று புதுப் போர்டுக்குச் சொல்லிவிட்டாள், பொங்கலுக்குள் வந்துவிடும். அப்பாவும் புள்ள படிச்சவன், யோசிச்சுத்தான் சொல்லுவான் என்கிறார். நான் வேண்டாம் என்று சொல்லியும் இரண்டு பேரும் கேட்கவில்லை. பெயர் இருந்தால் ஆர்டர் குறையும், எனக்குத் தெரியாமல் இல்லை, இரும்பு வேலையை வைத்து ஓட்டிக்கொள்ளலாம். கேட், சக்கரம் வாங்க அவர்கள் வராமலா போய்விடுவார்கள்.

கலைமகளை வெறும் வயிற்றில் இருக்க விடாதே, ஏழாம் மாதம், படி ஏறி இறங்குவதைக் குறைக்கச் சொல். உனக்கும் இரத்த அழுத்த மாத்திரை தவறக் கூடாது. ஆண் பிள்ளை பிறந்தால் அப்பா பெயரைத்தான் வைப்பேன் என்று போன மாதம் சொன்னாயாமே, அப்பா தெருவில் ஒருவர் விடாமல் சொல்லிவிட்டார். அப்படி வைப்பதாக இருந்தால் பொங்கலுக்கு முன்னால் எழிலிடம் பேசிப் பழைய போர்டே இருக்கட்டும் என்று சொல். முடியாது என்றால் பிள்ளைக்கு வேறு பெயர் பார்த்துக்கொள். ஒரு கிண்ணத்துக்கு அடியில் இருக்கக் கூடாது என்று நீயே சொன்ன பெயரை அந்தக் குழந்தை எதற்குச் சுமக்க வேண்டும்.

மூன்று பேரும் நூறாண்டு நன்றாக இருங்கள். கடிதம் கிடைத்ததும் போன் போடு, எனக்கு வேண்டாம், எழிலுக்கு.

அன்புடன் அம்மா,
வை. தங்கம்மாள்