இடது முன்மூலை

ஜூன் 3, செவ்வாய். விடாத தூறல்.
பொய்க்காலின் பாதத்தை ஆலன் கீயால் திருகாணி தளர்த்தி, கொஞ்சம் உள்ளே திருப்பினேன். எட்டு வயதில் எலும்புப் புற்று தின்ற கால், இடது. அந்தப் பக்கம் வலைக்கு அருகே விழும் ஷட்டிலை எட்ட முடிகிறதா? அதுதான் தெரிய வேண்டும். சனிக்கிழமை மாற்றுத்திறனாளி பேட்மிண்டன் அணித் தேர்வு, நாகர்கோவில்.
சாயங்காலம் எங்கள் சர்ச் சபை வளாகக் கோர்ட். கூட்டாளி ஜெபினை இரண்டு செட்டிலும் ஜெயித்தேன். சந்தோஷம் இல்லை. வலையை ஒட்டி மெல்ல விழவைக்கும் ட்ராப் ஷாட்டுக்கே பேர்போனவன், இன்று ஒன்றுகூடப் போடவில்லை.

ஜூன் 4, புதன்.
இன்றைய வேலை மோட்டார் பம்ப் சர்வீஸ், மூன்று. பிறகு மார்த்தாண்டம் ஜங்ஷனில் ஜெபினைப் பிடித்தேன்.
"ஏலே, நேத்து ஏன் தோத்த?"
"நீ நல்லா ஆடுன மக்கா."
"பொய் சொன்னா அடிப்பேன்."
"ஒனக்க அம்மைதான்லே சொன்னா. 'எனக்க பிள்ளைய ஓட வைக்காத மக்களே'ன்னு. நான் என்ன செய்ய?"
கேஜ் முள்ளை விரலால் தள்ளிவிட்டு பிரஷர் சரி என்பது மாதிரி. இந்த ஜெயிப்பை வைத்து பாதம் சரியா என்று எப்படி முடிவு செய்வது?
வீட்டில் அம்மாவிடம் கத்தினேன். வருஷாவருஷம் சபையில், கர்த்தர் பிழைக்கவைத்தார் என்று சாட்சி சொல்ல என்னை நிறுத்துகிறாள். கைதட்டுகிறார்கள். பிழைத்ததற்கு. ஆட்டத்துக்கு எவனும் தட்டியதில்லை.
அம்மா: "நீ விழுந்தா யாருக்க வயிறு எரியும்?"
மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும். தொடாமல் எழுந்தேன். பசி. மடத்தனம்.

ஜூன் 5, வியாழன். மழை இல்லை.
மறு ஆட்டம். "முன்னால போடுலே" என்றேன். போட்டான், பாவி. விழுந்துகொண்டே இருந்தேன். முதல் செட் போச்சு. சபைப் படியிலிருந்து அம்மா ஓடிவந்தாள்.
"அங்கயே நில்லும்மா!"
நின்றாள்.
பாதத்தை அதிகம் திருப்பியிருக்கிறேன். பாதியளவு வெளியே திருப்பிவிட்டேன். இரண்டாவது செட் எனக்கு. மூன்றாவதில் கோட்டில் விழுந்த ஒரு ஷட்டிலுக்குச் சண்டை.
"அவுட்டுலே! கண்ணு தெரியாதா?" ஜெபின் என் சட்டையைப் பிடித்துவிட்டான்.
தோற்றேன். இரண்டு தட்டு சோறு தின்றேன்.

ஜூன் 7, சனி. புழுக்கம்.
தேர்வாகிவிட்டேன். அது கிடக்கட்டும்.
அம்மாவை வராதே என்றேன், வந்தாள். முதல் ஆட்டம் பூதப்பாண்டிப் பையன். அவனுக்கு வலது கால் பொய்க்கால். கேலரியிலிருந்து அம்மா குரல்: "மக்களே, அவன் பாவம், பாத்து அடி!"
அரங்கமே திரும்பிப் பார்த்தது. அந்தப் பையனும்.
முதல் ட்ராப்பை அவனுடைய வலது முன்மூலையில் வைத்தேன். விழுந்தான். எழுந்து என்னைக் கொல்கிற மாதிரி பார்த்தான்.
அடுத்ததையும் அங்கேயே போட்டேன்.
எடுத்துத் திருப்பி அடித்துவிட்டான், பயல்.