கப்பல் ஏறப் பார்த்த போசி

நெருப்பெரிச்சல்,
27.8.2008, புதன்கிழமை.

அன்புள்ள மகள் அனிதாவுக்கு அம்மா மருதாள் எழுதுவது. நான் இங்கே நல்ல சுகம், ஒப்புக்குச் சொல்லும் சுகம் இல்லை, நெசமான சுகம். தூக்கம் நன்றாக வருகிறது, வேன் பயணம் நின்றதிலிருந்து முட்டி வலிகூடப் பாதி குறைந்துவிட்டது. நீ அங்கே பூனாவில் மழையில் நனைந்து சளி பிடிக்காமல் இருக்கிறாயா, அந்தச் சப்பாத்தியையே தின்று வயிறு காயாமல் உன் ரூம் பிள்ளைகளோடு சேர்ந்து வாரத்தில் ஒரு நாளாவது சோறு வடிக்கிறாயா என்று எழுது. போன் இருக்கும்போது அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் ஒரு வார்த்தை சொன்னால் நீ நாலு வார்த்தை சொல்கிறாய், நான் மறுபடி வாயைத் திறப்பதற்குள் "அம்மா, மீட்டிங், பொறகு கூப்படறேன்" என்று வைத்துவிடுகிறாய். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதனால் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து முழுக்கப் படி.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதை நான் மறக்கவில்லை. "ஒரு ஊடு மாத்தறதுக்கே உனக்குத் தெரியலை, அங்க நீ எப்படிம்மா தனியா இருப்பே, வர்ற ஞாயித்துக்கிழமை சித்தப்பா டெம்போ கொண்டாராரு, பேசாம சாமானைக் கட்டிக்கிட்டு வெள்ளகோவிலுக்கே போயிரு" என்றாய். எனக்குக் கோபம் வந்தது. உன் மேல்தான். சித்தப்பா குமாரவேல் சொன்னால் எனக்கு ஒன்றும் இல்லை, அவர் அப்படித்தான் சொல்வார். நீ சொன்னதும் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. என்ன நடந்தது என்று என் வாயால் கேட்காமல், அவர் சிரித்துச் சிரித்துச் சொன்னதை வைத்தே நீ முடிவு கட்டிவிட்டாய். அதனால் நடந்ததை நானே எழுதுகிறேன்.

உன் அப்பா வெள்ளையன் போனதற்குப் பிறகு சித்தப்பா ஊட்டுப் பின்கட்டில் இருந்தேன், நீ பார்த்ததுதான். சோற்றுக்குக் குறை வைத்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன், சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் அங்கே ஒரு ஆணி அடிக்க எனக்கு உரிமை இல்லை. என் துணிமணி எல்லாம் கட்டிலுக்கு அடியில் பெட்டியிலேயே கிடந்தது, நாளைக்கே ஊருக்குக் கிளம்புகிறவள் மாதிரி. விடிவதற்கு முன்னால் பனியன் கம்பெனி வேனில் ஏறினால் இருட்டி வந்து இறங்குவேன். ஒரே ஒரு லீவு ஞாயிற்றுக்கிழமை, அன்றைக்குச் சிவன்மலைக்குப் போய்ச் சாமி கும்பிட்டு வருகிறேன் என்றால்கூட, "எதுக்குங்க அண்ணி, ஆரு கூடப் போறீங்க, எப்ப வருவீங்க" என்று மூன்று கேள்வி. போகாமலே இருந்துவிடலாம் என்று தோன்றிவிடும். நெருப்பெரிச்சலில் கம்பெனிக்குப் பக்கத்திலேயே ஒரு ஊடு பார்த்திருக்கிறேன், போகிறேன் என்று நான் சொன்னபோது, "போறதுன்னா போங்க, டெம்போ கிம்போன்னு எங்கிட்டக் கேக்கப்படாது" என்றார். சரி, கேட்கவில்லை.

நான் பேக்கிங் செக்‌ஷன்காரி கண்ணு. சாமான் கட்டுவதற்கு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டுமா. கம்பெனியில் ஓரத்தில் பெயர் தப்பாக அச்சடித்து ஒதுக்கின அட்டைப்பெட்டிகளைச் சூப்பர்வைசர் சசிகுமாரிடம் கேட்டு வாங்கினேன். தினம் ஒரு பெட்டியாகக் கட்டிக் காலை வேனிலேயே ஏற்றிக் கொண்டுபோய்ப் பேக்கிங் செக்‌ஷன் மூலையில் அடுக்கினேன். உன் சின்னம்மா அது கம்பெனிப் பெட்டி என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். பாத்திரத்துக்கு மட்டும் தனிப்பெட்டி, ஒன்றோடு ஒன்று இடித்துச் சத்தம் வரக் கூடாது என்று நடுவில் எல்லாம் பனியன் வேஸ்ட்டை அடைத்து, டேப் ஒட்டி, பட்டை போட்டு இழுத்துக் கட்டினேன். ஏற்றுமதிப் பெட்டி தோற்றுவிடும், அப்படி இருந்தது. என் கைக்கு வேறு மாதிரி கட்டத் தெரியாது. மறுநாள் காலையில் புது ஊட்டில் பால் காய்ச்ச முதலில் எடுக்க வேண்டிய பெட்டி அதுதானே என்று சனிக்கிழமை அதை மட்டும் தூக்கிக் கதவோரம் வைத்தேன். அங்கேதான் தப்பு. அன்றைக்குச் சாயங்காலம் தூத்துக்குடிக்குப் போகிற லாரி வந்து நின்றது, மழையும் பிடித்துக்கொண்டது, லோடு ஏற்றுகிற வடக்கத்திப் பையன்கள் அவசரத்தில் கதவோரம் இருந்ததை எல்லாம் ஏற்றினார்கள், எண்ணிக்கை சரியாக இருந்ததும் கதவைச் சாத்திவிட்டார்கள். பால் காய்ச்ச வைத்திருந்த பெரிய போசியோடு என் பாத்திரப் பெட்டி லாரிக்குள்ளே. ஜெர்மனிக்குப் போக வேண்டிய ஒரு சட்டைப் பெட்டி கதவோரத்தில்.

மறுநாள், நீ போன் செய்ததற்கு முந்தின வார ஞாயிற்றுக்கிழமை, காலையில் குட்டியானை லோடு வண்டி பிடித்து நானும் ராக்கம்மாளும் பெட்டிகளை ஏற்றினோம். ராக்கம்மாளைத் தெரியும்தானே, செக்கிங்கில் இருக்கிறாளே, எட்டயபுரத்துக்காரி. கதவோரம் இருந்த பெட்டியைத் தூக்கும்போதே, "என்ன மருதாளு, பாத்திரம் இம்புட்டு லேசா இருக்கு" என்றாள். நான், கட்டுகிற விதத்தில் கட்டினால் கனம் தெரியாது என்று பெருமையடித்துக்கொண்டேன். புது ஊட்டில் சாமி படம் வைத்தாயிற்று, அடுப்பு வைத்தாயிற்று, ஊட்டுக்காரம்மா ரங்காத்தாள் நல்ல நேரம் முடிகிறது என்று வாசலில் நின்று அவசரப்படுத்துகிறார், பெட்டியைப் பிரித்தால் உள்ளே பச்சைக் குழந்தைச் சட்டைகள், நெஞ்சில் கரடிப் பொம்மை. ராக்கம்மாள் ஒரு சட்டையைத் தூக்கிப் பிடித்து, "ஏ தாயி, இதுலயா பால் காச்சப் போற" என்று கேட்டுவிட்டுத் தரையிலே உட்கார்ந்து சிரிக்கிறாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பிறகு எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, என்ன செய்வது. தினமும் கம்பெனிக்குச் சோறு கொண்டுபோகிற என் தூக்குப்போசி கைப்பையில் இருந்தது. அதிலேயே பாலை ஊற்றி வைத்தேன். சின்னப் போசி, சட்டென்று பொங்கி நாலு பக்கமும் வழிந்தது. ரங்காத்தாள், "இத்தனை சீக்கிரம் பொங்கி நான் பாத்ததில்லீங்க, நல்லா இருப்பீங்க" என்றார். இதைச் சித்தப்பா உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார்.

சசிகுமாருக்குப் போன் செய்தேன். அந்தப் பையன் பதறிப்போய்விட்டான். "அக்கா, பெட்டியெல்லாம் நாளைக்குக் கன்டெய்னர்ல ஏறிரும், அங்க வெள்ளைக்காரன் தெறந்து பார்த்து உள்ள கொழம்புச் சட்டி இருந்தா என் வேலையும் போச்சுங்க, லோடு பசங்க வேலையும் போச்சுங்க" என்றான். யாரை அனுப்புவது, ஞாயிற்றுக்கிழமை ஆள் இல்லை என்றான். நான் போகிறேன் என்றேன். பெட்டியைத் திரும்பக் கட்டி டேப் ஒட்டி, நானும் ராக்கம்மாளும் மதுரை பஸ் ஏறினோம். மாற்றுச்சேலை ஒன்று, துண்டு, சோப்பு, சீப்பு, அவ்வளவுதான் என் சாமான், ஒரு பாலிபேக்கில் அடங்கிவிட்டது. மதுரையில் பஸ் மாறி எட்டயபுரத்தில் ராக்கம்மாளின் தங்கச்சி ஊட்டில் படுத்து எழுந்து, மறுநாள் காலையில் தூத்துக்குடிக் கிடங்குக்குப் போய் நின்றோம். சசிகுமார் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து எழுதிக் கொடுத்த காகிதத்தைக் காட்டினதும் உள்ளே விட்டார்கள். நம் கம்பெனிப் பெட்டிகள் எல்லாம் ஒரே மாதிரி ஆளுயரத்துக்கு அடுக்கிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தோம், கனமான பெட்டி கைக்கு வந்ததும் ராக்கம்மாள் பெற்ற பிள்ளையைக் கண்டவள் போலக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். கொண்டுபோன சட்டைப் பெட்டியை அந்த இடத்தில் வைத்தோம், காகிதத்தில் கையெழுத்துப் போட்டோம், முடிந்தது. ஒருத்தர் வேலையும் போகவில்லை. தப்பு என்னுடையது, அதைச் சரிசெய்ததும் நான்தான், இதையும் சித்தப்பா சொல்லியிருக்க மாட்டார்.

பஸ்ஸுக்கு நேரம் இருந்தது, ராக்கம்மாள் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பாத்திரப் பெட்டியை மணலில் வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்து கடலைப் பார்த்தேன் கண்ணு. இத்தனை வருஷம் எத்தனையோ நாட்டுப் பெயர் போட்ட பெட்டிகளைக் கட்டி அனுப்பியிருக்கிறேன், அவை போகிற வழியை அன்றைக்குத்தான் பார்த்தேன். தூரத்தில் ஒரு கப்பல் நின்றது. என் கை பட்ட சட்டையெல்லாம் எங்கெங்கோ போய்ச் சேர்ந்துவிட்டது, நான் மட்டும் வெள்ளகோவிலுக்கும் திருப்பூருக்கும் நடுவிலேயே வேனில் ஆடிக்கொண்டிருந்தேனே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முட்டிவரை தண்ணீரில் இறங்கினேன். சந்தோஷமாக இருந்தது. அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம்தான் சொல்கிறேன்.

திரும்பி வந்து பார்த்தால், வேனில் வருகிறவர்கள் சொல்லி வெள்ளகோவில் பூராவும் சேதி பரவியிருக்கிறது, பாத்திரத்தைக் கப்பலில் ஏற்றின மருதாள் என்று. சிரிக்கட்டும், எனக்கும் சிரிப்புத்தான். ஆனால் சித்தப்பா இன்னொன்று சொன்னாராம், "தனிக்குடித்தனம் போன பொம்பளையோட புள்ளையை எவன் பொண்ணு கேட்டு வருவான்" என்று. அதைக் கேட்டுத்தான் நீயும் பயந்துவிட்டாய் என்று எனக்குத் தெரியும், உன் குரலிலேயே தெரிந்தது. நான் சொல்வதைக் கேள். உன் அம்மா உழைத்த காசில் வாடகை கொடுத்துத் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறாள் என்பதற்காக வராத மாப்பிள்ளை வராமலே போகட்டும். அப்படிப்பட்ட ஊட்டுக்கு நீ போனால் அங்கேயும் கட்டிலுக்கு அடியில்தான் பெட்டியை வைத்திருக்க வேண்டும்.

இங்கே எனக்கு இருப்பது ஒரு ரூமும் சமையல்கட்டும்தான். தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது, கரண்ட் அடிக்கடி போகிறது, பக்கத்து ஊட்டில் ஓவர்லாக் தையல் மிஷின் ஓடிக்கொண்டே இருக்கிறது, எல்லாம் நெசம். ஆனால் சுவரில் ஏழெட்டு ஆணி அடித்திருக்கிறேன், ரங்காத்தாளிடம் கேட்டுவிட்டுத்தான். ஒன்றில் அப்பா படம், ஒன்றில் காலண்டர், ஒன்றில் என் பை. அட்டைப்பெட்டிகளை எல்லாம் அன்றைக்கே அறுத்துத் தட்டையாக்கி அலமாரித் தட்டில் விரித்துவிட்டேன், மிச்சத்தை ரங்காத்தாள் மாட்டுக்கொட்டாய் ஒழுகுகிற பக்கம் வைத்து அடைத்துக்கொண்டார். சித்தப்பா டெம்போ கொண்டுவந்தாலும் சாமானைக் கட்ட இந்த ஊட்டில் ஒரு பெட்டி இல்லை. அலமாரியில் மேல்தட்டு காலியாக இருக்கிறது, அதில் நான் எதையும் வைக்கவில்லை, அது உனக்கு.

நீ ஊருக்கு வரும்போதெல்லாம் ஊட்டையே தூக்கி வருகிற மாதிரி மூட்டை கட்டி வருகிறாய், பாதியைத் தொடாமலே திரும்பக் கொண்டுபோகிறாய். இந்தத் தடவை சின்னப் பையோடு வா. துணியை அமுக்கித் திணிக்காதே, நான் பூனாவுக்குக் கட்டிக்கொடுத்த மாதிரி மூன்றாக மடித்து வை. ஞாபகம் இருக்கிறதா, அன்றைக்குப் பொம்பளைப் புள்ளையை அத்தனை தூரம் அனுப்பக் கூடாது என்று சித்தப்பா குதித்தார், ஊட்டில் ஒருத்தரும் உன்னோடு பேசவில்லை. நீ பின்கட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ மட்டும் சரின்னு சொல்லும்மா, மத்தவிய என்ன சொன்னாலும் பரவால்லை" என்றாய். எனக்கும் பயம்தான், உன்னைவிடப் பயம். ஆனாலும் சரி என்று சொல்லி உன் பெட்டியை என் கையால் கட்டினேன்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் ஞாயிற்றுக்கிழமை போயிருக்கும், தெரிந்துதான் இன்றைக்குப் போடுகிறேன். சித்தப்பா டெம்போவோடு வந்து பூட்டின கதவைப் பார்த்துவிட்டு உனக்குப் போன் போட்டிருப்பார், நீ எனக்கு அடித்து அடித்துப் பார்த்திருப்பாய், நான் எடுத்திருக்க மாட்டேன். பதறாதே கண்ணு, ஒன்றும் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை நானும் ராக்கம்மாளும் கொடிவேரி அணைக்குக் குளிக்கப் போகிறோம். தண்ணீரில் நிற்கும்போது போன் நனையக் கூடாது என்று அதைப் பாலிபேக்கில் போட்டு டேப் ஒட்டிவிடுவேன். சித்தப்பா வந்தால் உட்காரவைத்துக் காப்பி கொடுக்கச் சொல்லி ரங்காத்தாளிடம் சொல்லியிருக்கிறேன், டெம்போக்காரருக்கும் சேர்த்து, மரியாதையில் ஒரு குறையும் வராது. சாவி மட்டும் என் இடுப்பில்.

அன்றைக்குப் பின்கட்டில் நீ என்னிடம் கேட்டதை நான் உன்னிடம் கேட்கப்போவதில்லை. நீ சரி என்று சொன்னாலும் சொல்லாவிட்டாலும் நான் இங்கேதான் இருப்பேன். ஆனால் சொன்னால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும் சாமி, அதை மறைக்க மாட்டேன்.

தீபாவளிக்கு இப்போதே ரயில் டிக்கெட் எடுத்துவிடு, போன வருஷம் மாதிரி கடைசி நேரத்தில் நிற்காதே. தலைக்கு எண்ணெய் வை. நீ நோய்நொடி இல்லாமல், யாருக்கும் பயப்படாமல், நினைத்த இடத்துக்குப் போய்வந்து நன்றாக இருக்க வேண்டும், அதுதான் அம்மாவின் ஆசீர்வாதம். பதில் எழுது. உறைமேல் இனி "மே/பா குமாரவேல்" என்று போடாதே. விலாசம் கீழே இருக்கிறது, அப்படியே எழுது.

உன் அம்மா,
வெ. மருதாள்,
மூன்றாவது வீடு, ரங்காத்தாள் காம்பவுண்ட்,
நெருப்பெரிச்சல், திருப்பூர்.