பால்கனியில் கால் தட்டுவோர் குறித்து

அனுப்புநர்
அரங்கின் எதிர் வரிசையில் தையற்கடை நடத்துபவள்
(அரங்கின் புதிய திரையையும் இருக்கை உறைகளையும் தைத்தவள்).

பெறுநர்
ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: வருகிற வெள்ளி, சனி, ஞாயிறு மாலைகளில் பழைய அரங்கில் நடக்கவிருக்கும் நேரடி இசை நிகழ்ச்சிகள் – பால்கனி அதிர்வது – நிகழ்ச்சியை நிறுத்தாமல் பால்கனியை மட்டும் மூடக் கோருவது – தொடர்பாக.

பார்வை: இதே பொருள் குறித்து அரங்க மேலாளரிடம் நான் மூன்று முறை நேரில் சொன்னதும், மூன்று முறையும் அவர் சிரித்ததும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கடைசி வரி வருவதற்குள் தங்களுக்கு என்மேல் தவறான எண்ணம் வந்துவிடும். பாட்டும் கூத்தும் பிடிக்காதவள் யாரோ எழுதிய மனு அல்ல இது. வெள்ளிக்கிழமை மாலை அந்த மேடையில் டிரம்ஸ் வாசிக்கப்போவது என் மகள். அவள் மேடை ஏறுவது இதுவே முதல் தடவை. அந்த நிகழ்ச்சி நடக்க வேண்டும் என்று இந்த ஊரில் என்னைவிட அதிகமாக ஆசைப்படுகிறவர் ஒருவரும் இருக்க முடியாது. அது நடக்கும்போது பால்கனியில் ஒருவரும் இருக்கக் கூடாது என்பதே என் கோரிக்கை.

2. அரங்கின் வரலாறு தாங்கள் அறியாதது அல்ல. முதலில் நாடகம், பிறகு சினிமா, அதற்கும் பிறகு பல வருடங்கள் சிமெண்டு மூட்டை அடுக்கும் கிடங்கு. இப்போது சுத்தம் செய்து, வண்ணம் பூசி, வாசலில் விளக்குப் போட்டு, மூன்று நாள் இசை நிகழ்ச்சியோடு திறக்கிறார்கள். பால்கனி மட்டும் அந்தக் காலத்து மரத்திலேயே நிற்கிறது. அதற்குக் கீழே முட்டுக் கொடுத்து இரண்டு தூண்கள் இருந்தன. தூண்கள் மேடையை மறைக்கின்றன என்று புதுப்பிக்கும்போது எடுத்துவிட்டார்கள். எடுத்ததில் நியாயம் இல்லாமல் இல்லை. தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து கதாநாயகியைப் பாதியாகவே பார்த்துவிட்டுப் படம் சரியில்லை என்று திட்டிக்கொண்டு வந்தவர்களில் என் கணவரும் ஒருவர்.

3. தூண்களை எடுத்த பிறகு தங்கள் அலுவலகப் பொறியாளர் வந்து முறையாகத்தான் சோதித்தார். இருக்கைக்கு ஒன்றாக மணல் மூட்டை வைத்து, ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டு, கீழே நின்று அளந்தார். மூட்டைகளை இறக்கிய பிறகு தானே நடுவில் நின்று ஒரு முறை குதித்தும் பார்த்தார். பொறியாளர் சற்றுக் கனமானவர் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். ஒன்றும் ஆகவில்லை. சான்று கொடுத்துவிட்டுப் போனார். அவரைக் குறை சொல்ல எனக்குப் படிப்பும் கிடையாது, மனதும் கிடையாது. ஆனால் அன்று அரங்கில் பாட்டு எதுவும் நடக்கவில்லை. மணல் மூட்டைகள் வைத்த இடத்தில் வைத்தபடி அமைதியாக உட்கார்ந்திருந்தன.

4. கடந்த சனிக்கிழமை மாலை நாங்கள் பால்கனி இருக்கைகளுக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தோம். நாங்கள் என்றால் நானும், என் கடையில் பொத்தான் தைப்பவரும், வேலைக்கு வரும் வேறு சில பெண்களும். பொத்தான் தைப்பவரை எல்லோரும் பட்டன் அக்கா என்றே அழைப்பதால் நானும் அப்படியே குறிப்பிடுகிறேன். கீழே மேடையில் என் மகளின் குழு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது. நான் எட்டிப் பார்த்தால் அவளுக்குக் கை தடுமாறும் என்று குண்டூசிகளை வாயில் வைத்துக்கொண்டு குனிந்தே வேலை செய்தேன்.

வாசிப்பு மெதுவாகத்தான் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் பட்டன் அக்காவின் கால் தாளம் போட ஆரம்பித்தது. பிறகு பக்கத்தில் இருந்தவளின் கால். பிறகு எல்லோருடைய காலும். எங்களில் யாரும் யாரிடமும் சொல்லவில்லை, எல்லாக் கால்களும் ஒரே நேரத்தில் விழுந்தன. அப்போதுதான் கவனித்தேன். என் கால் இறங்கும்போது தரையும் கூடவே இறங்கியது. கால் எழும்போது தரையும் எழுந்தது. கைப்பிடிச் சுவரின்மேல் வைத்திருந்த என் ஊசி டப்பா தானாக நகர்ந்து நகர்ந்து போய்க் கீழே விழுந்தது. புதிதாக மாட்டிய சிவப்பு உறையின்மேல் மேலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது. பட்டன் அக்கா மட்டும் இன்னும் தட்டிக்கொண்டே, "யாருடி அது தொட்டிலை ஆட்டுறது?" என்று கேட்டார். நாங்கள் சிரித்தோம். அதற்குள் கீழே வாசிப்பு நின்றது, எங்கள் கால்களும் நின்றன. தரை நிற்கவில்லை. அது தன்பாட்டுக்கு இன்னும் சற்று நேரம் ஆடிவிட்டுத்தான் ஓய்ந்தது. அதன் பிறகு எங்களில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

5. உடனே இறங்கிப் போய் மேலாளரிடம் சொன்னேன். அவர், "பழைய கட்டடம்னா கொஞ்சம் முனகத்தான் செய்யும்மா. நம்ம முட்டி முனகலையா?" என்றார். மறுநாள் காலை மறுபடியும் போனேன். "சொந்தப் பொண்ணு நிகழ்ச்சிக்கே குழி தோண்டுறீங்களே, நீங்க என்ன அம்மா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அது எனக்குச் சுருக்கென்று தைத்தது, இருந்தாலும் சாயங்காலம் மூன்றாவது தடவையும் போனேன். என் தொல்லை தாங்காமல் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். பால்கனியில் ஓர் அறிவிப்பு வைத்துவிடலாம் என்றார். 'இங்கே கால் தட்டக் கூடாது' என்று பெரிய எழுத்தில் துணியில் தைத்துத் தரும்படி என்னையே கேட்டார். தைத்தும் கொடுத்தேன். எழுத்துகள் நன்றாக வந்திருக்கின்றன, தாங்கள் வந்தால் பார்க்கலாம்.

6. நேற்றுத் திங்கட்கிழமை மாலை அந்தத் துணியை நானே மேலே கட்டினேன். கட்டிவிட்டு அதற்கு நேர் கீழே உட்கார்ந்தேன். கீழே ஒத்திகை தொடங்கியது. தட்டக் கூடாது என்று தெரிந்தவள் நான். ஏன் தட்டக் கூடாது என்பதும் தெரிந்தவள். இரண்டு கைகளாலும் முழங்கால்களை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஐயா, இந்த இடத்தில் என் மகளின் வாசிப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, மனுவுக்கு இது அவசியம். அவள் கைக்குழந்தையாக இருந்தபோது என் தையல் மிஷினுக்குப் பக்கத்தில்தான் தூங்குவாள். மிஷின் ஓடும்வரை தூங்குவாள், நான் மிதிப்பதை நிறுத்தினால் விழித்துக்கொள்வாள். வளர வளரக் கையில் கிடைத்ததையெல்லாம் தட்டினாள். நூல் டப்பா, சாப்பாட்டு மேசை, அவள் அப்பாவின் தலை எதுவும் தப்பவில்லை. சத்தம் தாங்காமல் நான் போட்ட கூச்சலும் கொஞ்சநஞ்சம் அல்ல. ஆனால் நேற்றுத்தான் அவள் முழுதாக வாசித்து நான் கேட்டேன். ஓர் இடம் வருகிறது. அங்கே அவள் எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறாள். குழுவின் கிட்டார்காரரும் நிறுத்திவிடுகிறார். அரங்கில் ஒரு சத்தம் இல்லை. அடுத்த அடி இதோ விழுகிறது, இதோ விழுகிறது என்று நாம் காத்திருக்கிறோம். அவள் போடமாட்டேன் என்கிறாள். கடைசியில் பொறுக்க முடியாமல் அந்த அடியை நம் காலே போட்டுவிடுகிறது, அதே நொடியில் அவளும் போடுகிறாள். நான் தைத்த அறிவிப்புக்குக் கீழே உட்கார்ந்து நானே ஓங்கித் தட்டினேன். தாய் என்பதால் புகழ்கிறேன் என்று தாங்கள் நினைக்கலாம். தாய்தான், அதனால் என்ன? கால் பொய் சொல்லாது.

7. வெள்ளிக்கிழமை பால்கனியில் உட்காரப்போவது யார் என்பதையும் தாங்கள் கருத்தில் கொள்ள வேண்டும். பால்கனிச் சீட்டுகள்தான் முதலில் தீர்ந்தன. என் மகளோடு படித்தவர்கள் ஒரு கூட்டம், கிட்டார்காரரின் தம்பிகள், அவர்களுடைய சினேகிதர்கள், பட்டன் அக்காவின் மொத்தக் குடும்பம். என் கணவரும் நடு வரிசையில் இடம் பிடித்துவிட்டு யாரைப் பார்த்தாலும் சொல்லிக்கொண்டு திரிகிறார். இவர்கள் யாரும் சும்மா உட்கார்ந்திருக்க வருகிறவர்கள் அல்ல. அந்தக் காலத்தில் அங்கே சினிமாவுக்கு விசில் அடித்தவர்கள் இருந்தார்கள், விசிலால் பால்கனிப் பலகைக்குக் கேடு இல்லை; இவர்கள் தட்டுவார்கள்.

8. நான் நினைப்பது தவறாகவும் இருக்கலாம். தவறாக இருந்தால் பால்கனி ஒரு மூன்று மாலை காலியாகக் கிடக்கும், என்னை எல்லோரும் ஏசுவார்கள், நான் கேட்டுக்கொள்வேன். சரியாக இருந்தால் என்ன ஆகும் என்ற வாக்கியத்தை எழுத உட்கார்ந்து இரண்டு தடவை எழுந்து போய்விட்டேன். அதை எழுதாமலே விட்டுவிடுகிறேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்த அடியை அவள் போட்ட நொடியில் ஏதாவது ஆகிவிட்டால், யார்மேல் தப்பு என்று எத்தனை விசாரணை நடந்தாலும், என் மகள் பிறகு அந்தக் குச்சிகளைக் கையால் தொடமாட்டாள்.

9. அவளிடம் இதை ஞாயிற்றுக்கிழமை மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "பால்கனியை மூடினா பாதி ஜனம் போச்சு. பாதி ஜனம் போனா மேனேஜர் நிகழ்ச்சியையே தூக்கிடுவாரு. நான் வாசிக்கிறது உனக்கு எப்பவுமே பிடிக்கலைல்ல? அதை நேராச் சொல்லேன்மா" என்றாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. சாப்பிடுகிறாள், தட்டைக் கழுவி வைக்கிறாள், போய்விடுகிறாள். எனக்குச் சொல்ல வேண்டியதை அவள் அப்பாவிடம் சொல்கிறாள். அவர், "ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன தபால்காரனா?" என்று புலம்பிக்கொண்டே வந்து சொல்கிறார். நான் அறைக்குள் நுழைந்தால் மேசையில் தாளம் போட்டுக்கொண்டிருக்கும் விரல்களைக்கூட மடக்கிக்கொள்கிறாள். பேசாமல் இருப்பதைத் தாங்கிவிடலாம், இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

என் கணவர் இந்த மனுவை அனுப்ப வேண்டாம் என்கிறார். வீட்டில் எல்லாம் சரியாக இருந்தால்தான் எனக்குப் பயம் வரும் என்பது அவருடைய கருத்து. அது ஓரளவு உண்மைதான், என்னால் ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை. இதை எழுதும்போதே எதிரில் ஒத்திகை நடக்கிறது. மேசைக்கு அடியில் என் கால் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதைத் தங்களுக்குத் தனியாக எழுத வேண்டியதில்லை.

10. ஆகவே தங்களிடம் நான் வேண்டுவது: நிகழ்ச்சிகளை எக்காரணம் கொண்டும் நிறுத்தவோ தள்ளிப்போடவோ கூடாது. எடுத்த தூண்களைத் திரும்ப நிறுத்தும்வரை பால்கனிக்கு யாரையும் விடக் கூடாது. பால்கனிச் சீட்டு வாங்கியவர்களை அரங்கின் முற்றத்தில் உட்கார வைக்கலாம். பக்கக் கதவுகளைத் திறந்து வைத்தால் அங்கிருந்து மேடை நன்றாகவே தெரியும், நான் நின்று பார்த்தேன். மழை வந்தால் என்ன செய்வது என்று மேலாளர் கேட்பார். மேலே கட்டுவதற்குத் துணி என்னிடம் இருக்கிறது, நாங்கள் எல்லோரும் உட்கார்ந்து தைத்துக் கொடுத்துவிடுவோம். முற்றத்தில் அவர்கள் எவ்வளவு வேண்டுமானாலும் தட்டட்டும், கீழே வெறும் மண்தான். யார் புகார் கொடுத்தது என்று எவரேனும் கேட்டால் என்னைக் கைகாட்டிவிடலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை.

11. தங்களுக்கு இதில் நம்பிக்கை வராவிட்டால், நாளை புதன்கிழமை மாலை கடைசி ஒத்திகைக்கு வாருங்கள். பால்கனியில் தாங்கள் ஒருவர் மட்டும் உட்காருங்கள், ஓர் ஆளை அது தாங்கும். என் அறிவிப்புத் துணியை ஒரு முறை படித்துவிட்டுக் கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடம் வரும்போது தங்கள் கால் அசையாமல் இருந்தால் இந்த மனுவை அங்கேயே கிழித்துப் போட்டுவிடலாம், நான் மறுபேச்சுப் பேசமாட்டேன். அசைந்துவிட்டால், தயவுசெய்து மெதுவாக எழுந்து, மெதுவாகப் படியிறங்கி, கதவைப் பூட்டிச் சாவியைத் தங்கள் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மேலாளரிடம் கொடுத்துவிட வேண்டாம்.

12. கடைசியாக ஒரு வேண்டுகோள். பால்கனியை மூட உத்தரவு போடும்போது காரணம் என்று ஓர் இடம் இருக்கும். அங்கே கட்டடம் பழையது என்றோ, பொதுமக்கள் நலன் கருதி என்றோ வழக்கம்போல் எழுதிவிடாமல், 'டிரம்ஸ் வாசிப்பவர் அவ்வளவு நன்றாக வாசிப்பதால்' என்று எழுத வேண்டுகிறேன். அதன் நகல் ஒன்றை அலுவலக முத்திரையோடு என் மகளுக்கு அனுப்பி வைக்கவும். நான் சொன்னால் அவள் நம்பமாட்டாள்.

இணைப்பு: சிவப்பு உறையின்மேல் விழுந்த சுண்ணாம்புத் துண்டு, துணியில் சுற்றியது.

இடம்: அரங்கின் எதிரில் உள்ள தையற்கடை
நாள்: செவ்வாய்க்கிழமை, ஒத்திகை நடந்துகொண்டிருக்கும் நேரம்

இப்படிக்கு,
டிரம்ஸ் வாசிப்பவளின் அம்மா
(கையொப்பம்)