இருட்டுக்கு இரண்டாம் பரிசு

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்குக் குறைவொன்றும் இல்லை. அப்பாவைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன், அதற்காகத்தான் கடிதம். போனில் பேசினால் அவர் பக்கத்திலேயே இருக்கிறார். முதலில் பெரிய செய்தி. போன மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு நம் குடியிருப்பின் நாற்பத்திரண்டு வீட்டாரும் வண்டி நிறுத்துமிடத்தில் கூடி, பூமியைக் காப்பாற்றுவது என்று ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். எப்படியென்றால், ஒவ்வொருவரும் செல்போனில் தங்கள் பெயருக்குப் பக்கத்திலுள்ள படத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பச்சை இலையை வைத்துக்கொள்வது. முன்மொழிந்தவர் செயலாளர். அவர் பல் வைத்தியர் என்பது உனக்குத் தெரியும். எதிரில் இருப்பவர்கள் வாயைத் திறந்தபடி பதில் பேசாமல் கிடப்பதையே பார்த்துப் பழகியவர், கூட்டத்திலும் அதையே எதிர்பார்க்கிறார், கிடைக்கவும் செய்கிறது. மாலைக்குள் நாற்பத்திரண்டு இலையும் துளிர்த்துவிட்டது. நீயும் அங்கிருந்தே ஒன்று வைத்துக்கொண்டாய். எது யார் என்று தெரியாமல், பால் போடுகிறவருக்கு நாளைக்கு அரை லிட்டர் போதும் என்று அனுப்ப வேண்டியதை மூன்றாம் மாடி வக்கீலுக்கு அனுப்பிவிட்டேன். அவர் சரி என்று பதில் போட்டார்.

இலையோடு நின்றிருந்தால் எனக்கு வருத்தமில்லை. இதற்கென்று ஒரு ஆப் இருக்கிறதாம், ஊரிலுள்ள குடியிருப்புகளுக்கெல்லாம் ஒரு மாதம் போட்டியாம். அடுத்து வந்த சனிக்கிழமை மாலை ஏழிலிருந்து எட்டு வரை எல்லாரும் விளக்கை அணைத்துவிட்டு, அணைத்த அறையைப் படமெடுத்து அதில் ஏற்ற வேண்டும். எல்லாரும் ஏற்றினோம். இருட்டைப் படமெடுத்தால் என்ன வரும், முழுக் கறுப்பு. படம் தெளிவாக இல்லை, மறுபடி எடுக்கவும் என்று ஆப் நாற்பத்திரண்டையும் திருப்பி அனுப்பிவிட்டது. செயலாளர் மாடி மாடியாக வந்து, கூடத்து விளக்கைப் போட்டுக்கொண்டு அந்த வெளிச்சத்தில் படுக்கையறையின் அணைந்த விளக்கை எடுங்கள் என்று வழி சொன்னார். விளக்கு அணைந்திருப்பது தெரிய வேண்டுமென்பதற்காக, வழக்கமாக எரியாத விளக்குகள்கூட அன்று எரிந்தன. மதிப்பெண் ஏறுவதை எல்லாரும் சேர்ந்து பார்க்க வாசலில் லாரியில் ஒரு பெரிய திரை வந்தது, அதற்கு ஒரு ஜெனரேட்டரும் வந்தது. புகை ஐந்தாம் மாடிக்கு வரவும் நான் சன்னலைச் சாத்திவிட்டு மின்விசிறியைப் போட்டேன். அந்தத் திரைக்கு முன்னால் எடுத்த படத்துக்கு நீ அங்கிருந்து ஒரு இதயம் போட்டிருந்தாய், பார்த்தேன். இதனால பெருசா ஒண்ணும் மிச்சமாகாதும்மா, ஆனா ஒரு விழிப்புணர்வு வரும்ல என்று போனிலும் சொன்னாய். வந்தது. நம் மதிப்பெண் எவ்வளவு, எதிர்க் குடியிருப்புக்கு எவ்வளவு என்ற விழிப்பு எல்லாருக்கும் வந்துவிட்டது.

நாம் நான்காவது இடத்தில் இருந்தோம். பொதுவசதி ஒன்றை நிறுத்தினால் கூடுதல் மதிப்பெண் என்று ஆப்பில் ஒரு கட்டம் இருப்பதைச் செயலாளர் கண்டுபிடித்தார். அடுத்த நாளிலிருந்து மாதக் கடைசி வரை காலை ஆறிலிருந்து பத்து வரையும் மாலை நாலிலிருந்து எட்டு வரையும் லிஃப்ட் கிடையாது. அப்பாவின் உடற்பயிற்சிச் சிகிச்சை பக்கத்து ஆஸ்பத்திரியில் காலை எட்டிலிருந்து ஒன்பது வரை. பக்கவாதம் வந்து அப்போது ஐந்து மாதம் ஆகியிருந்தது, கம்பைப் பிடித்துக்கொண்டு பன்னிரண்டு அடி நடந்துவிட்டார். முதல் ஆறு மாதத்தில் எது திரும்புகிறதோ அதுதான் பெரும்பாலும் நிற்கும், ஒரு நாளும் விடாதீர்கள் என்று டாக்டர் என்னிடம் இரண்டு முறை சொல்லியிருந்தார். ஐந்து மாடி அவரால் இறங்க முடியாது. நாலு பேர் நாற்காலியோடு தூக்கினால் இறக்கிவிடலாமே என்று குடியிருப்பின் செல்போன் குழுவில் யாரோ எழுதினார்கள். அதற்குப் பதினேழு பேர் கைகூப்பும் பொம்மை போட்டார்கள், தூக்க நாலு பேர் வரவில்லை. ஆறு மணிக்கு முன்னால் லிஃப்டில் இறங்கி, எட்டு வரை காவலாளியின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்து, சிகிச்சை முடித்து வந்து, பத்து வரை மறுபடி அதே நாற்காலி. இரண்டு நாள் அப்படிப் போனோம். மூன்றாம் நாள் ஒன்பதரைக்கு அவரால் அடக்க முடியாமல் கால்சட்டை நனைந்துவிட்டது. போகிற வருகிறவர்கள் எல்லாரும் பண்புள்ளவர்கள், செல்போனைப் பார்த்தபடி போனார்கள். வீட்டுக்குள் வந்த பிறகு, நாளைக்கு வேண்டாம் என்றார். அதற்குப் பிறகு என்ன சொல்லியும் வரவில்லை.

அன்றே செயலாளரிடம் போனேன். காலையில் ஏறவும் இறங்கவும் பத்து நிமிஷம் லிஃப்ட் சாவியைப் போடுங்கள் என்றேன். முப்பத்தொரு வருஷம் பிள்ளைகளுக்கு மின்சாரப் பாடம் நடத்தியவள், கணக்கும் சொன்னேன்: இவரை ஒருமுறை இறக்க ஆகும் மின்சாரத்தில் இரண்டு குவளை வெந்நீர் வைக்கலாம், அவ்வளவுதான். அவர் பொறுமையாகக் கேட்டார். "டீச்சர், உங்க கஷ்டம் புரியுது. ஆனா ஒரு தடவை போட்டாலும் ஆப்ல அன்னிக்கு மார்க் போயிடும். பூமிக்காக ஒரு மாசம் பொறுத்துக்கக் கூடாதா?" என்றார். அவர் குடியிருப்பது தரைத்தளம். திரும்பும்போது எலக்ட்ரீஷியன் தம்பி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான், மொட்டைமாடித் தொட்டியின் மிதவை சுவிட்ச் உடைந்து ஆறு மாதமாகிறது, தொட்டி நிறைந்தாலும் மோட்டார் நிற்காது, தண்ணீர் வழிந்து சாக்கடைக்குப் போகிறது என்றான். ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம் சும்மா ஓடுகிறதாம். ஏன்ப்பா மாற்றவில்லை என்று கேட்டேன். "செயலாளர்கிட்ட நாலு தடவை எழுதிக் குடுத்துட்டேன் டீச்சரம்மா. அதை மாத்தினா லிஃப்டை நாள் பூரா ஓட்டிட்டும் கரண்ட் மிஞ்சும். ஆனா மிதவையைப் போட்டோ எடுத்தா மிதவைதான தெரியும், அவர் மூஞ்சி தெரியாதே" என்றான். ஆப்பில் மிதவைக்குக் கட்டமும் இல்லையாம், தேடிப் பார்த்திருக்கிறான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கெட்டவர்களாக இருந்தால் சண்டை போட்டிருப்பேன். இவர்கள் நல்லது செய்கிறவர்கள், வாசலில் பார்த்தால் அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்கிறார்கள்.

நமக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வாசலில் மாட்டி, எல்லாரும் படிக்க வேண்டுமென்று மேலே ஒரு விளக்கும் போட்டிருக்கிறார்கள், அது பகலிலும் எரிகிறது. டாக்டர் போன வாரம் வீட்டுக்கே வந்து பார்த்தார். ஆறு மாதம் ஆகிவிட்டது, இனி பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம் என்றார். அதை அப்பாவுக்கு எதிரிலேயே சொன்னார்.

நீ வேளைக்குச் சாப்பிடு, வேலை வேலை என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசி எப்போதும் உண்டு. ஒன்று மட்டும் மறக்காமல் செய். உன் செல்போனில் அந்த இலையை எடுத்துவிட்டு உன் முகத்தை வை. அப்பா தன் செல்போனில் இடது கையால் அதைத் திறந்து திறந்து பார்க்கிறார்.

இப்படிக்கு,
உன் அம்மா

பி.கு.: லிஃப்ட் ஒன்றாம் தேதியிலிருந்து நாள் முழுதும் ஓடுகிறது. அப்பாவுக்குச் சக்கர நாற்காலி வெள்ளிக்கிழமை வந்தது. லிஃப்ட் கதவில் நுழைகிறது.