வாசலில் கட்டிய வேப்பிலை

வால்பாறை, 20-10-1954

அன்புள்ள விஜயம்மாவுக்குப் பொன்னப்பன் எழுதுவது. நான் சுகம். அம்மை வார்த்திருக்கும் நம் மகள் பிரேமாவுக்குக் காய்ச்சல் தணிந்ததா?

உன் கடிதம் கிடைத்தது. நீ தினமும் சாணமும் மஞ்சளும் கரைத்து மெழுகும் தரையில் போலீஸ்காரர்கள் பூட்ஸோடு ஏறி, என்னைத் தேடிப் பிள்ளையின் பாயைக்கூடப் புரட்டினார்களாமே. "அம்மை உண்டு, ஏறாதீங்கோ" என்று நீ கெஞ்ச, "கழிஞ்ச தடவையும் இந்த வேப்பிலையாக்கும் கெட்டியிருந்தது" என்று சிரித்தார்களாம். ஆவணியில், நம் ஊரைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லிப் பாறசாலையில் ஊர்வலம் போய்விட்டு வந்து ஒளிந்திருந்தபோது, அம்மை இல்லாத வீட்டில் வேப்பிலை கட்டச் சொன்னவன் நான்தானே. அன்று அவர்கள் பயந்து திரும்பியதால்தான் தப்பி வந்து இந்த எஸ்டேட்டில் மூட்டை சுமக்கிறேன். என் பொய்க்குப் பிள்ளை அகப்பட்டாள்.

பாயை எரித்துவிடு. துணிகளைக் கொதிக்கவை. சுவருக்குச் சுண்ணாம்பு அடி. முடிந்தால் என் போர்வையை அனுப்பு, இங்கே குளிர் அதிகம்.

எனக்கும் நாலு முத்து போட்டிருக்கிறது, பயப்படாதே. இதைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவு. என் வாசலில் வேப்பிலை கட்டவில்லை. கட்டாமலே யாரும் வருவதில்லை.

பொன்னப்பன்